வாகனத்தின் பூர்வோத்தரம்

கிள்ளானுக்கும் துறைமுகத்துக்கும் இடையே உள்ள பண்டமாரானில் தொடங்கி, ஷா ஆலத்தைத் தொட்டுக்கொண்டு, கோலாலம்பூரின் ஸ்ரீ பெட்டாலிங் வரை 34 கிலோமீட்டருக்குச் சற்று மேல் ஓடுகிற விரைவுச் சாலையில் நாள்தோறும் வேலைக்குப் போய்வருகிற நமக்கு, அந்தச் சாலையின் தலைவாசல் நம் ஊரிலேதான் இருக்கிறது என்ற எண்ணம் பெரும்பாலும் தோன்றுவதில்லை. ராஜுலா போன்ற கப்பல்களில் நாகப்பட்டினத்திலிருந்து புறப்பட்டு, வங்கக் கடலைக் கடந்து, போர்ட் சுவெட்டன்ஹாமில் மூட்டை முடிச்சுகளோடு இறங்கிய நம் பாட்டன் பாட்டிமாருக்குப் பிரயாணம் என்பது வாழ்நாளில் ஒரு முறை நேர்வது; பலருக்குத் திரும்புதல் என்பதே இல்லாதது. அந்தத் துறைமுகம் 1972இல் போர்ட் கிள்ளான் என்று பெயர் மாறிய பின் வளர்ந்த தலைமுறைக்கோ, பள்ளி விடுமுறை வந்தால் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு, தன் கையாலேயே வண்டியை ஓட்டி, எல்லை கடந்து போய்வருகிற சுதந்திரம் வாய்த்திருக்கிறது. அந்தச் சுதந்திரத்தின் சாதனமாக இன்று பலரும் மனத்தில் வரித்திருப்பது ஃபோர் வீல் எனப்படும் நாற்சக்கர இயக்க வாகனம். புதியதன் விலை சாதாரணச் சம்பளக்காரருக்கு எட்டாதது ஆதலால், பழையதைத் தேடி அலைகிறார்கள்.

என் அண்டை வீட்டுக்காரரும் அப்படி அலைந்தவர்களில் ஒருவர். ஐம்பது வயதைக் கடந்து, துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற அவரை நான் இன்றளவும் ‘தம்பி’ என்றே அழைக்கிறேன். எண்பதைத் தாண்டிய அவருடைய தாயார் கைக்குழந்தையாக இருந்த காலத்தில், ஜப்பானியர் ஆட்சியின்போது, கிள்ளானைச் சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்களிலிருந்து சயாம் ரயில் வேலைக்கென்று ஏற்றிச் செல்லப்பட்ட தமிழர்களுள் அந்த அம்மாளின் தந்தையும் ஒருவர்; சென்றவர் திரும்பவில்லை. 1942இலும் 1943இலும், சயாமையும் பர்மாவையும் இணைப்பதற்காக 415 கிலோமீட்டர் தூரத்துக்குப் போடப்பட்ட அந்தத் தண்டவாளத்தின் ஓரத்தில், பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர்கள் பெயரும் குறியும் இன்றி மாண்டுபோனதை நம் வீடுகளில் பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். காஞ்சனபுரிக்குச் சென்று, ஆசியத் தொழிலாளரின் எச்சங்கள் அடக்கமாகியிருக்கும் தாவோர்ன் வராராம் விகாரத்தில் ஒரு கைப்பிடி பூவை வைத்துவிட்டு வரவேண்டும் என்பது அந்த அம்மாளின் நெடுநாள் மனோரதம். விமானத்தில் அழைத்துப் போகிறேன் என்று மகன் சொன்னபோது அவர் சம்மதிக்கவில்லை. “எங்கப்பா தரையிலதானேய்யா போனாரு, நானும் தரையிலயே போறேன்” என்று சொல்லிவிட்டார்.

கிள்ளானிலிருந்து காஞ்சனபுரி 1,400 கிலோமீட்டருக்கும் மேல். அவ்வளவு தூரமும் நல்ல தார்ச்சாலை ஆகையால், பராமரிப்பில் குறைவில்லாத சாதாரணக் காடியே போதும் என்று நான் அவரிடம் சொன்னேன்; இன்றும் அதுவே என் அபிப்பிராயம். ஆனால் ஃபோர் வீல் மீது அவருக்கு இருந்த பற்றுக்கு வேறொரு காரணம் உண்டு. 2021 டிசம்பர் 18ஆம் தேதி, சிலாங்கூரில் ஒரு நாளும் ஓர் இரவும் விடாது பெய்த மழையில் தாமான் ஸ்ரீ மூடா கூரை மட்டத்துக்கு மூழ்கியபோது, அங்கே குடியிருந்த அவருடைய அக்காளையும் பேரப்பிள்ளைகளையும் மீட்டுக் கரை சேர்த்தவர்கள், சொந்த ஃபோர் வீல்களை ஓட்டிக்கொண்டு வந்த தன்னார்வலர்கள். படகு நிற்கும் இடம் வரை இடுப்பளவு நீரில் அந்த வாகனங்கள் சென்ற காட்சியைக் கண்ணால் கண்டவருக்கு, அப்படி ஒன்றைத் தாமும் வைத்திருக்க வேண்டும் என்ற ஆசை எழுந்ததில் ஆச்சரியம் இல்லை.

கடந்த ஆண்டு ஒரு சனிக்கிழமை காலையில், பழைய வாகனங்களை வாங்கி விற்கும் ஓர் இடத்தில் ஒரு வண்டியைப் பார்த்துவிட்டு வந்து என்னையும் துணைக்கு அழைத்தார். நான் தனியே போகத் துணியாமல், பண்டமாரானில் பட்டறை வைத்திருக்கும் பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனேன். செம்பனைத் தோட்டத்து டிராக்டர்களைப் பிரித்துப் பூட்டியே தொழில் பழகிய மனிதர் அவர். வட்டாரத்தில் எல்லோருக்கும் ‘பட்டறை அண்ணன்’. வண்டி பார்வைக்கு மிகவும் கம்பீரமாக இருந்தது. உயர்த்திய ஸ்பிரிங், அகன்ற சேற்று டயர்கள், கூரை மட்டத்துக்கு மேல் எழும்பிய காற்றுக்குழாய், முன்னால் வின்ச், மேலே இரும்புச் சட்டம் என்று தூரதேசப் பிரயாணத்துக்கு வேண்டியன எல்லாம் அதில் இருந்தன. உள்ளே இருக்கைகளுக்குப் புதுத் தோல் உறை போட்டு, வாசனைத் தைலமும் தெளித்து வைத்திருந்தார்கள்.

அண்ணன் எஞ்சின் மூடியைத் திறக்கச் சொல்லவில்லை. பின்கதவைத் திறந்து, உள்ளே ஏறி உட்கார்ந்து, “தம்பி, அந்தப் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுங்க” என்றார். இருக்கைப் பட்டை வெளியே வர வர முதலில் கறுப்பாக இருந்தது. சுருளுக்குள்ளே எப்போதும் மறைந்து கிடக்கும் கடைசி ஒரு முழ நீளத்தில், காய்ந்த செம்மண்ணின் கோடு ஒன்று பட்டையின் குறுக்கே நேராக ஓடியது. பிறகு அவர் கதவோரத்துப் பிளாஸ்டிக் பட்டியைத் திருப்புளியால் நெம்பி எடுத்து, தரைவிரிப்பின் முனையைத் தூக்கி, அடியில் விரலை ஓட்டிக் காட்டினார். அரைத்த மாவு போன்ற மெல்லிய வண்டல் விரலில் ஒட்டியிருந்தது. “இது மழைத் தண்ணி இல்லை, ஆத்துத் தண்ணி. இந்த வண்டி முழுகிக் கிடந்திருக்கு” என்றார். விற்பவர், தாமும் வேறொருவரிடம் இப்படியேதான் வாங்கியதாகச் சொன்னார். அது எந்த ஊர் வெள்ளத்தில் மூழ்கியது, எத்தனை நாள் கிடந்தது, யார் எடுத்துக் கழுவினார்கள் என்பதற்கெல்லாம் அந்த இடத்தில் பதில் சொல்லக்கூடியவர் ஒருவரும் இல்லை. தம்பி வெகுநேரம் அந்தப் பட்டையைக் கையில் பிடித்துக்கொண்டே நின்றார்.

வெள்ளத்தில் மூழ்கிய வாகனம் மறுநாளே நின்றுவிட்டால் அதனால் ஏமாறுகிறவர் குறைவு. அது ஓடும், சில மாதங்கள் நன்றாகவே ஓடும். மின்கம்பிகள் கூடும் முனைகளில் பச்சைக் களிம்பு ஏறுவதும், சக்கரத்து பேரிங்குகளின் கிரீஸ் நீரோடு கலந்து கெடுவதும், எஞ்சினை ஆளும் கணினிப் பெட்டிக்குள் துரு பரவுவதும் வெளியே தெரியாமல் மெதுவாக நடைபெறும் காரியங்கள். நம் தெருவிலே நின்றால் இழுவை வண்டியை அழைத்துக்கொள்ளலாம். ஹட்ஜாயைக் கடந்து, சும்போனுக்கு வடக்கே, பாஷை தெரியாத ஊரில், எண்பது வயதுத் தாயாரைப் பின்னிருக்கையில் வைத்துக்கொண்டு இரவு 10 மணிக்கு நின்றுபோனால் என்ன செய்வது என்பதைச் சிந்தித்துப் பார்த்தால்தான், பழைய வாகனத்தின் பூர்வோத்தரத்தை விசாரிப்பது எவ்வளவு அவசியம் என்பது விளங்கும்.

பழமையின் மீது எனக்குக் குறை இல்லை. இந்த வகை வாகனத்தின் சரித்திரமே, பழமையானாலும் பராமரிக்கப்பட்டது ஓடும் என்பதற்குச் சாட்சியம். இங்கிலாந்தின் ரோவர் கம்பெனியார் தங்கள் லேண்ட் ரோவரை ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் முதன்முதலாகக் காட்டியது 1948 ஏப்ரலில். மலாயாவில் அவசர காலம் பிரகடனமானது அதே ஆண்டு ஜூன் மாதத்தில். பண்டமாரான் போன்ற புதுக்கிராமங்கள் முள்வேலிக்குள்ளே எழும்பிய அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில், தோட்டத்துச் செம்மண் பாதைகளிலும் காட்டோரத்துச் சாலைகளிலும் ராணுவத்தினரும் தோட்டத் துரைமாரும் ஓட்டித் திரிந்தது இதே வாகனத்தைத்தான். கேமரன் மலையில், முட்டைக்கோசும் தக்காளியும் ஏற்றிக்கொண்டு, பெயிண்ட் உதிர்ந்து கதவு ஆடினாலும் ஏற்றத்தில் சளைக்காமல் ஏறும் பழைய லேண்ட் ரோவர்களை இன்றும் பார்க்கலாம். அந்த மலையின் விவசாயிகளுக்கு அவற்றின் ஒவ்வோர் ஆணியும் பரிச்சயம்.

1955 செப்டம்பர் 1ஆம் தேதி, ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆறு இளைஞர்கள், அவ்விரு பெயர்களையே சூட்டிய இரண்டு லேண்ட் ரோவர்களில் லண்டனிலிருந்து புறப்பட்டார்கள். ஐரோப்பாவையும் மத்திய கிழக்கையும் கடந்து, இந்தியாவின் வழியாக வந்து, அஸ்ஸாமிலிருந்து பர்மாவுக்குள் யுத்த காலத்தில் வெட்டப்பட்டுக் காடு மூடிக் கிடந்த லீடோ சாலையில் தட்டுத்தடுமாறி இறங்கி, சயாமையும் அவசர காலம் முடியாத மலாயாவையும் தாண்டி, 1956 மார்ச் மாதத்தில் சிங்கப்பூரை அடைந்தார்கள். அந்தப் பிரயாணத்தைப் பற்றி அவர்களுள் ஒருவரான டிம் ஸ்லெஸ்ஸர் எழுதிய புத்தகம் தரைவழி யாத்திரை செய்வோரிடையே பிரசித்தமானது. எனக்கு அதைவிட முக்கியமாகத் தோன்றுவது பின்னால் நடந்த சம்பவம். பிரயாணங்கள் முடிந்து, அட்லாண்டிக் சமுத்திரத்தின் நடுவிலுள்ள செயின்ட் ஹெலினா தீவிலே கேட்பாரற்றுக் கிடந்த ‘ஆக்ஸ்போர்டு’ என்ற அந்த வண்டியைத் தேடிப்பிடித்து இங்கிலாந்துக்குக் கொண்டுபோய்ச் செப்பனிட்டு, 2019 ஆகஸ்ட் 25ஆம் தேதி சிங்கப்பூரிலிருந்து லண்டனை நோக்கித் திருப்பி ஓட்டினார்கள். டிசம்பரில் அது போய்ச் சேர்ந்தது. ஸ்லெஸ்ஸருடைய பேரனும் அதில் சென்றார். அறுபத்துநான்கு ஆண்டு வயதான வாகனம் இரண்டு கண்டங்களைக் கடந்ததென்றால், அதில் எது பழையது, எது புதிதாக மாற்றியது, எது எப்போது தவறக்கூடும் என்பதெல்லாம் ஓட்டியவர்களுக்குத் தெரிந்திருந்ததே காரணம். அந்தச் சனிக்கிழமை நாங்கள் பார்த்த வண்டி வயதில் அதற்கு மிக இளையது. ஆனால் அதைப் பற்றி உறுதியாகச் சொல்ல ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

மியன்மாரில் 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது முதல், அந்த வழியாகச் சொந்த வாகனத்தில் இந்தியா போய்ச் சேரலாம் என்ற நம்மவர் பலருடைய கனவு தடைபட்டு நிற்கிறது. வரைபடத்தில் ஆசிய நெடுஞ்சாலை 2 என்ற பாதை சிங்கப்பூரிலிருந்து நம் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை வழியாகத் தாய்லாந்து, மியன்மார் ஊடாக இந்தியாவுக்குள் செல்வது உண்மையே. வரைபடத்துக் கோட்டில் வண்டி ஓடாது. ஆகவே இப்போதைக்கு நம் குடும்பங்களுக்கு எட்டக்கூடிய தூரப் பிரயாணம் தாய்லாந்தும் லாவோசும். உள்நாட்டில் குவா மூசாங்கின் உட்பகுதிகள், பூர்வகுடிகள் வாழும் மலைக்கிராமங்கள், சரவாக்கில் பாரியோவுக்குப் போகும் மரவெட்டுப் பாதை ஆகியவை. இவற்றுள் நாற்சக்கர இயக்கம் மெய்யாகவே தேவைப்படுவது பின்சொன்ன உள்நாட்டுப் பாதைகளில்தான். வாங்க நினைப்பவர் முதலில் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, வருஷத்தில் எத்தனை நாள் அந்தச் சேற்றில் இறங்கப் போகிறோம் என்பது. இரண்டு மூன்று நாள்தான் என்றால், 1998இல் பெரோடுவா வெளியிட்ட கெம்பாரா போன்ற சிறிய வாகனமே பலருக்குப் போதும். செங்குத்தான சேற்றேற்றத்துக்கு வேண்டிய தாழ்கியர் அதில் இல்லையே தவிர, உதிரிப்பாகம் எந்த ஊரிலும் கிடைக்கிறது, பழுது பார்க்கத் தெரியாத மெக்கானிக் இல்லை.

சபாவில் 1993இல் நடந்த கேமல் டிராபி, 1997 முதல் மழைக்காலத்தில் நடத்தப்பட்டுவருகிற ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் ஆகிய காட்டுவழி வாகனப் போட்டிகளைப் படங்களில் பார்த்து வளர்ந்தவர்கள், சேறு தெறித்த வண்டியையும் கூரைச் சட்டத்தையும் காற்றுக்குழாயையும் பிரயாணத்தின் லட்சணங்களாகவே கருதிவிட்டார்கள். பழைய வாகனத்தில் அந்த அலங்காரங்களைக் காணும்போது வாங்குபவர் மகிழ்வதைவிட ஜாக்கிரதையாக இருப்பதே நல்லது. வின்ச் பூட்டிய வண்டி எங்கேயோ சிக்கி, இழுக்கப்பட்டு, மீண்டும் சிக்கிய வண்டியாக இருக்கலாம். அளவுக்கு மீறி உயர்த்திய ஸ்பிரிங்கும் பெரிய டயரும், தொழிற்சாலை நிர்ணயித்த கோணத்தில் சுழல வேண்டிய இணைப்புகளை நாள்தோறும் தேய்க்கின்றன. சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதியில்லாமல் செய்த மாற்றங்களுக்குப் பரிசோதனையின்போது பதில் சொல்ல வேண்டியவர் புதிய சொந்தக்காரர். அலங்காரத்துக்கு விற்பவர் கேட்கும் கூடுதல் தொகையை எஞ்சினுக்கும் பிரேக்குக்கும் டயருக்கும் செலவழித்தால், அது பிரயாணத்துக்கு உதவும்.

மேற்புறத்தில் மெருகு கொடுத்துவிடலாம். அடிப்புறத்தை முழுவதும் மறைக்க இயலாது. ஆதலால் பார்க்கப் போகிறவர் பழைய சட்டை போட்டுக்கொண்டு, கையில் ஒரு டார்ச்சோடு போகவேண்டும். ஏணி போன்ற அந்த இரும்புச் சேசிஸை முன்னிருந்து பின்வரை பார்த்து, புதிதாகக் கறுப்புப் பூச்சு அடித்த இடங்களைச் சிறு சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும்; உளுத்த இரும்பின் ஓசை மந்தமானது. பின் அச்சின் டிஃபரென்ஷியல் எண்ணெயைப் பற்றிப் பட்டறை அண்ணன் எனக்குக் காட்டியதை நான் மறக்கமாட்டேன். பட்டறையில் வேறொரு வண்டியின் அடியில் படுத்துக்கொண்டு, ஊற்றுத் துளையின் திருகைக் கழற்றி, உள்ளே சுண்டுவிரலை விட்டு எடுத்து வெளிச்சத்தில் நீட்டினார். எண்ணெய் தேனின் நிறத்தில் இருக்க வேண்டியது. அவர் விரலில் இருந்தது தே தாரேயின் நிறம். நீர் புகுந்து, பல்சக்கரங்களோடு சேர்ந்து கடைபட்டால் எண்ணெய்க்கு அந்த நிறம் வருகிறது. “ஆத்துல எறக்கியிருக்காங்க. எறக்கினது தப்பில்ல. வீட்டுக்கு வந்து எண்ணெயை மாத்தலையே, அதுதான் தப்பு” என்றார். அந்த ஒரு துளியைப் பார்ப்பதற்கு வேண்டியது ஒரு ஸ்பேனரும் ஐந்து நிமிஷமும்.

நாற்சக்கர இயக்கத்தைச் சோதிக்கும் முறையிலும் பலர் தவறு செய்கிறார்கள். விற்பவர் லீவரை மாற்றிக் காட்டி, தட்டில் விளக்கு எரிவதைக் காட்டினால் அதோடு திருப்தியடைந்துவிடுகிறார்கள். விளக்கு எரிவது வேறு, முன்சக்கரம் இழுப்பது வேறு. மண்ணோ சரளைக்கல்லோ உள்ள இடத்துக்கு வண்டியைக் கொண்டுபோய், தாழ்கியரில் மெதுவாக நகர்த்தி, நான்கு சக்கரமும் இழுக்கின்றனவா என்பதைக் கூட வந்தவர் வெளியே நின்று பார்க்க வேண்டும். நடுவே டிஃபரென்ஷியல் இல்லாத பழைய வகைகளை, காய்ந்த தார்ச்சாலையில் நாற்சக்கர இயக்கத்தில் திருப்பி ஓட்டுவது, முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையே முறுக்கு ஏறி டிரான்ஸ்பர் கேஸுக்குச் சேதம் விளைவிக்கும். அப்படி ஓட்டிக்காட்ட முன்வருகிற சொந்தக்காரர் இத்தனை காலமும் எப்படி ஓட்டியிருப்பார் என்பதை அதிலிருந்தே அனுமானிக்கலாம். எஞ்சினை, அது ஆறிக் கிடக்கும் காலை வேளையில், நாம் போன பிறகுதான் முதன்முதலாக எழுப்ப வேண்டும். முன்கூட்டியே சூடேற்றி வைத்திருந்தால் மறுநாள் வருகிறேன் என்று சொல்லித் திரும்பிவிடுவது உத்தமம்.

டீசல் வண்டியானால் இன்னும் இரண்டு விஷயங்கள். 2019இல் நம் நாட்டுச் சாலை வாகனங்களுக்கான டீசலில் 10 விழுக்காடு செம்பனை எண்ணெயிலிருந்து எடுத்த எரிபொருளைக் கலக்கும் திட்டம் தொடங்கியது. நம்மவர் உழைப்பில் விளைந்த செம்பனை நம் வண்டிகளையும் ஓட்டுகிறது என்பதில் எனக்குப் பெருமையே. எனினும் அந்தக் கலவை ஈரத்தை எளிதில் ஈர்ப்பது ஆகையால், பல மாதம் ஓடாமல் நின்ற வண்டியின் எரிபொருள் வடிகட்டியை வாங்கிய உடனே மாற்றிவிட வேண்டும். அடுத்தது செலவு. 2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் விலை லிட்டருக்கு 2 வெள்ளி 15 காசிலிருந்து ஒரே நாளில் 3 வெள்ளி 35 காசுக்கு உயர்த்தப்பட்டதும், தகுதியுள்ளவர்களுக்கு மாதம் 200 வெள்ளி உதவி அறிவிக்கப்பட்டதும் நினைவிருக்கும். அதன் பிறகு பழைய டீசல் ஃபோர் வீல்கள் பல விற்பனைக்கு வந்தன. மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்குபவர், பத்து வருஷத்துக்கு எரிபொருளையும் சேர்த்துக் கணக்கிட்டே கிரயத்தை நிர்ணயிக்க வேண்டும்.

பத்திரங்களின் விஷயத்தில் நம்மவர் காட்டும் அலட்சியம் எனக்கு மிகுந்த கவலையைத் தருகிறது. கிராண்ட் எனப்படும் பதிவுப் பத்திரத்தில் உள்ள எஞ்சின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் வண்டியில் பொறித்திருப்பதோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்ப்பவர் சிலரே. ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி இறக்குமதி செய்யப்படும் ஹாஃப் கட் எஞ்சின்கள் நம் கிள்ளான் பள்ளத்தாக்கின் பட்டறைகளில் ஏராளம். அவற்றைப் பூட்டிக்கொள்வது தவறில்லை. ஆனால் மாற்றிய எஞ்சினுக்குச் சுங்க இலாகாவின் கே1 பத்திரமும், கிராண்டில் புதிய எண்ணும் இல்லாவிட்டால் அந்த வாகனத்தைச் சட்டப்படி நம்முடையதாக்க முடியாது. தவணைக் கடன் பாக்கியிருக்கும் வண்டியில் வங்கியின் உரிமை கிராண்டிலேயே குறிக்கப்பட்டிருக்கும். “மாதத் தவணையை நீங்க கட்டுங்க, பேரு என் பேர்லயே இருக்கட்டும்” என்று சொல்லி விற்பவரிடம் வாங்கி, பணத்தையும் வண்டியையும் இழந்த குடும்பங்களை நான் அறிவேன். பிரயாணம் செய்கிறவருக்கு இதில் இன்னொரு கஷ்டமும் உண்டு: தாய்லாந்து எல்லையில் சாலைப் போக்குவரத்து இலாகாவின் சுற்றோட்ட அனுமதியும், அந்நாட்டுக் காப்புறுதியும் மாத்திரமின்றி, வாகனம் வேறொருவர் பெயரில் இருந்தால் அவருடைய அதிகாரக் கடிதமும், கடனில் இருந்தால் வங்கியின் கடிதமும் காட்ட வேண்டியிருக்கும். இந்தியா, பாகிஸ்தான், ஈரான் போன்ற தேசங்களுக்குக் கொண்டுபோக நினைப்பவருக்கு, வாகனத்தை அங்கே விற்காமல் திருப்பிக் கொண்டுவருவதற்குப் பிணையாக, கார்னே என்னும் சுங்கப் புத்தகமும் அவசியம். பெயர் மாறாத வண்டி இந்த வாசல்களில் எல்லாம் நின்றுபோகும்.

இனி, இந்தக் கட்டுரையை எழுத என்னைத் தூண்டிய விஷயத்துக்கு வருகிறேன். பெயர் மாற்றத்துக்கு முன் வாகனத்தைப் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. 1994 முதல் புஸ்பாகோம் அந்தக் காரியத்தைச் செய்துவருகிறது. பி5 எனப்படும் அந்தப் பரிசோதனை, வாகனம் கிராண்டில் கண்டதுதானா என்பதையும், அன்றைய தினம் சாலையில் ஓடத் தகுதியுடையதா என்பதையும் பார்க்கிறது. அது தன் கடமையைச் செய்கிறது. ஆனால் ஒரு வருஷத்துக்கு முன் அந்த வாகனம் மூன்று நாள் நீருக்கடியில் கிடந்ததா என்று அது கேட்பதில்லை. கிராண்டிலும் அதைக் குறிப்பதற்கு ஓர் இடம் இல்லை. காப்புறுதிக் கம்பெனிகளின் பதிவேடுகளில் இருக்குமே என்று சிலர் சொல்லலாம். நம் நாட்டில் வெள்ளச் சேதத்துக்கான காப்புறுதி, சாதாரணக் காப்புறுதியோடு தனியாகப் பணம் கட்டிச் சேர்த்துக்கொள்ள வேண்டியது. அதைச் சேர்த்துக்கொள்ளாமல் இருந்தவர்கள் அநேகர். நாடு முழுவதும் 50க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன 2021 வெள்ளத்தில், அத்தகையவர்களின் வாகனங்கள் எந்தப் பதிவேட்டிலும் ஏறாமலே, கழுவப்பட்டு, கைமாறி, மறுபடியும் கைமாறி, இன்று எங்கெங்கோ ஓடிக்கொண்டிருக்கின்றன. நஷ்ட ஈடு கிடைக்காத ஏழைச் சொந்தக்காரர் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டதை நான் பெரிய குற்றமாகச் சொல்லமாட்டேன். அறிந்தே மறைத்து, அதற்குத் தோல் உறை போட்டு, நல்ல வண்டியின் விலைக்கு விற்பவரின் செயல் நிச்சயமாகக் குற்றம்.

வியாபாரியிடம் வாங்கி ஏமாந்தவர், 5 வெள்ளிக் கட்டணத்தோடு, பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரையில் கோரிக்கை வைக்கலாம். இந்த வசதியை நம்மவர் போதிய அளவில் உபயோகிப்பதில்லை என்பது என் எண்ணம். ஆயினும் அங்கே வழக்கு வலுப்பெற, விற்றவர் என்ன சொல்லி விற்றார் என்பதற்கு அத்தாட்சி இருப்பது நல்லது. வாயால் சொன்னதற்குச் சாட்சி ஏது? தனிமனிதரிடம் வாங்கியவருக்கோ அந்த மன்றத்தின் கதவும் திறக்காது. ஆகவே, பெயர் மாற்றுகிற அந்த வேளையிலேயே, விற்பவர் கையொப்பமிட வேண்டிய ஒரு வாக்குமூலத்தைச் சாலைப் போக்குவரத்து இலாகா கட்டாயமாக்க வேண்டும் என்று கேட்கிறேன். இந்த வாகனம் என் அறிவுக்கு எட்டியவரை வெள்ளத்தில் மூழ்கியதில்லை, அல்லது இன்ன ஆண்டில் மூழ்கியது. பெரும் விபத்துக்கு உள்ளானதில்லை, அல்லது இன்ன பாகம் மாற்றப்பட்டது. எஞ்சின் பூர்வத்தில் வந்தது, அல்லது இன்ன தேதியில் மாற்றப்பட்டது என்ற மூன்று வரிகள் போதும். அது அந்த வாகனத்தின் பதிவோடு சேர்ந்து, அடுத்தடுத்து வாங்குகிறவர்கள் எல்லோரும் பார்க்கத் தக்கதாக இருக்க வேண்டும். இதற்குப் புதிய இலாகா வேண்டியதில்லை. பெயர் மாற்றத்துக்கு நிரப்புகிற பாரத்தில் இடம் ஒதுக்கினால் ஆகிவிடும். பொய் எழுதியவரின் கையொப்பமே நடுவர் மன்றத்திலும் நீதிமன்றத்திலும் அத்தாட்சியாக நிற்கும். ஒவ்வொரு மழைக்காலமும் கிள்ளான் ஆற்றின் கரையில் நீர்மட்டத்தைப் பார்த்துக்கொண்டே உறங்கச் செல்லும் நம் வட்டாரத்து மக்களின் சட்டமன்ற உறுப்பினர்களும் நாடாளுமன்ற உறுப்பினர்களும் இதைக் கையில் எடுக்க வேண்டும்.

தம்பி பிறகு ஏழு வாரம் தேடினார். கடைசியில், கோல சிலாங்கூர்ப் பக்கம், தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸராக இருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவரிடமிருந்து, வின்சும் காற்றுக்குழாயும் இல்லாத, பெயிண்ட் மங்கிய நான்கு கதவு ஹைலக்ஸ் ஒன்றை வாங்கினார். வண்டியோடு அந்தப் பெரியவர் ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தையும் கொடுத்தார். எந்தத் தேதியில், எத்தனையாவது கிலோமீட்டரில், எந்த எண்ணெய் மாற்றினார், எந்தப் பட்டறையில் எந்தச் சாமான் போட்டார் என்பதெல்லாம் நீல மையில் வரிசையாக எழுதியிருந்தது; ஒரு பக்கத்தில், முழங்கால் அளவு வெள்ளத்தில் வீட்டு வாசலில் ஓர் இரவு நின்றது என்றும், மறுநாளே சக்கர பேரிங்குகளுக்கு கிரீஸ் மாற்றியதாகவும் குறித்திருந்தார். தம்பி விலை பேசவில்லை. பள்ளி விடுமுறையில் தாயாரை ஏற்றிக்கொண்டு புக்கிட் காயு ஹீத்தாம் எல்லையைக் கடந்து, காஞ்சனபுரிக்குச் சென்று, பூ வைத்துவிட்டுத் திரும்பினார்கள். திரும்பி வந்ததும் அவர் செய்த முதல் காரியம், அதே நோட்டுப் புத்தகத்தில் அடுத்த வரியை எழுதியது.

இந்த வாரம் உங்கள் வாகனத்தை விற்பதற்கு வைத்திருக்கிறீர்களா? சட்டம் வரும்வரை காத்திராமல், அது நீரில் மூழ்கியிருந்தால், வாங்க வருகிறவரிடம் அதை வாயால் சொல்லி, ஒரு தாளில் எழுதியும் கொடுங்கள்.